குறுக்கே போனால் அவுட்!

"அண்ணனூர்னு ஒரு ஊர் இருக்கே, தம்பியூர் எங்கே சார்?"

இந்த ஜோக்கை அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள். நான் அங்கே பேச்சிலராகக் குடியிருந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். நாற்பத்தோராவது தடவை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார்.

அந்த அண்ணனூருக்குப் பதினாறு வருஷம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய ரூம்மேட் கூப்பிட்டிருந்தான். நானும் பி.காம்., அவனும் பி.காம். அவன் அங்கேயே வீடு கட்டி, கல்யாணம் பண்ணி, ஒரு பெண்ணுக்கு அப்பாவாகி செட்டிலாகிவிட்டான். நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரில் யாருக்கு டெபிட், யாருக்கு கிரெடிட் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால் சுமார் இருபது கிலோமீட்டர். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல்... அடுத்தது அண்ணனூர். அதற்கும் அடுத்தது ஆவடி. பாதிப் பேர் ஆவடியில் இறங்கத் தயாராக எழுந்து நிற்பார்கள். அவர்களை இடித்துக்கொண்டு அண்ணனூரில் இறங்குவதே ஒரு கலை.

சாதாரணத் தடம் இல்லை இது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் புகை விட்டுக்கொண்டு போயிற்று. இன்றைக்கு அண்ணனூருக்கு வேறு பெருமை. மின்சார ரயில்களைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, ரிப்பேர் பார்த்து அனுப்புகிற பணிமனை இங்கேதான் இருக்கிறது. தினமும் நம்மை ஏற்றிக்கொண்டு அலைகிற ரயிலுக்கும் ஒரு தாய் வீடு வேண்டாமா?

திருமுல்லைவாயலில் ரயில் நின்றபோது மாசிலாமணீஸ்வரர் கோயில் கதை ஞாபகம் வந்தது. தொண்டைமான் மன்னன் படையோடு போகும்போது யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கிக்கொண்டது. வாளை உருவி வெட்டினான். கொடிக்குள்ளே சிவலிங்கம். ரத்தம் பீறிட்டது. மன்னன் வேண்டுமென்று வெட்டவில்லை, தெரியாமல் பட்டதுதான். இருந்தாலும் துடித்துப்போய்த் தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளப் போனான்; ஈசன் தடுத்தாட்கொண்டார் என்கிறது தல புராணம். சந்தனக் காப்பு இன்றைக்கும் உண்டு.

'வேணும்னு பண்ணலை; ஆனா காயம் காயம்தான்.' இந்த ஒரு வரியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டேஷன் தள்ளி உபயோகப்படும்.

*

நண்பன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். வலது மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அந்தக் கையாலேயே என் பையை வாங்கிக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"வீட்டுக்கு அப்புறம் போலாம்டா. முதல்ல கிரவுண்டு. உன்னை அம்பயரா புக் பண்ணியிருக்கேன்."

"என்னையா? ஏன்?"

"வெளியூர் ஆள். ரெண்டு டீமுக்கும் உன்னைத் தெரியாது. தோத்த டீம் அடிச்சாலும் நீ சாயங்காலம் ரயில் ஏறிடுவே."

அந்த கிரவுண்டு அப்படியே இருந்தது. ஒரு பக்கம் ரயில்வே காம்பவுண்ட், ஒரு பக்கம் சீமைக் கருவேலம், மீதி இரண்டு பக்கமும் புதிதாக முளைத்த வீடுகளின் ஜன்னல்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற ஆசாமிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர், ஆவடியில் ஃபேக்டரி, கிண்டியில் கம்ப்யூட்டர், அண்ணா சாலையில் மெடிக்கல் ரெப். வயசு இருபதிலிருந்து நாற்பது வரை. தொப்பை, வயசுக்குத் தக்கபடி.

டென்னிஸ் பால். சவுக்குக் கம்பு ஸ்டம்ப். சட்டங்கள் எம்.சி.சி. பாதி, அண்ணனூர் பாதி. ரயில்வே காம்பவுண்டைத் தாண்டினால் சிக்ஸர் இல்லை, அவுட். தவிர, பந்துக் காசும் அடித்தவன் தலையில். ஜன்னல் உடைந்தால் ஆட்டம் உடனே முடிவு. அதாவது ஆளாளுக்கு ஓட்டம். கருவேலத்துக்குள் போனால் இரண்டு ரன், எடுக்கப் போகிறவனுக்குச் செருப்பு தரப்படும்.

டாஸ் போடும்போது இருபது வயசுப் பையன் ஒருவன் வந்து, "அங்கிள், வைடு ஸ்ட்ரிக்டா பாருங்க" என்றான்.

அங்கிள்! முப்பத்தெட்டு வயசுக்கு இது அநியாயம். அவன் டீமுக்கு ஒரு வைடு கூடக் கொடுப்பதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். (பிறகு மனசு கேட்காமல் நாலு கொடுத்தேன்.)

*

கடைசி ஓவர். ஜெயிக்க மூன்று ரன். பெளலர் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். பேட்ஸ்மேன் பந்தைத் தட்டினான்; அது உயிரே இல்லாமல் பிட்ச்சின் நடுவில் உருண்டது. "வா... வா... வா!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் ஓட, பெளலர் பந்தை எடுக்கக் குனிந்தான். இந்த முனையிலிருந்து ஓடி வந்த பச்சை பனியன்காரன் நேரே போய் அவன் மேல் மோதினான்.

'டொப்' என்று ஒரு சத்தம். பெளலர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பச்சை பனியன் மட்டும் நிற்காமல் ஓடி இரண்டு ரன் எடுத்துவிட்டான்.

"ஹௌஸாட்!" பதினொரு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

"என்னப்பா ஹௌஸாட்? பையன் ரோட்ல அவன் ஓடறான். இவன் எதுக்கு நடுவுல வந்தான்?" இது பேட்டிங் டீம்.

பெளலர் முழங்கையில் ரத்தம். கண்ணாடி ஒரு கால் உடைந்திருந்தது.

நான் பச்சை பனியனைக் கூப்பிட்டேன். "ஏம்ப்பா, வேணும்னு மோதினியா?"

"இல்லண்ணா, சத்தியமா. நான் பார்க்கவே இல்லை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சில்லிட்டது. ஏனென்று அப்புறம் சொல்கிறேன்.

விரலைத் தூக்கினேன். அவுட்!

அடுத்த அஞ்சு நிமிஷம் அங்கே நடந்ததை ஒரு வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. அதில் ஒரு கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. "அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

*

கிரிக்கெட் சட்டத்தில் 37-வது இதற்குத்தான். 'ஃபீல்டிங்குக்குக் குறுக்கே நிற்பது.' பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேட்ஸ்மேன், சொல்லாலோ செயலாலோ வேண்டுமென்றே ஃபீல்டிங் டீமைத் தடுத்தாலோ, கவனத்தைக் கலைத்தாலோ அவுட். தெரியாமல் பட்டால், அடிபடாமல் தப்பிக்க விலகினால் அவுட் இல்லை. ஆக, சட்டத்தின் உயிரே அந்த 'வேண்டுமென்றே'தான்.

இன்னொரு வேடிக்கை. கிரிக்கெட்டில் அப்பீல் பண்ணாமல் அம்பயர் தானாக அவுட் கொடுக்க முடியாது. அந்த அப்பீலும் அடுத்த பந்துக்கு பெளலர் ஓடி வர ஆரம்பிப்பதற்குள் கேட்டாக வேண்டும். அதற்கப்புறம் கேட்டால் செல்லாது.

டெஸ்ட் சரித்திரத்தில் இப்படி முதலில் அவுட்டானவர் சாதாரண ஆள் இல்லை; இங்கிலாந்தின் லென் ஹட்டன். 1951, ஓவல் மைதானம், எதிரே தென் ஆப்பிரிக்கா. மேலே எழும்பி ஸ்டம்ப்பை நோக்கி இறங்கிய பந்தை பேட்டால் தட்டப் போய், விக்கெட் கீப்பர் ரஸ்ஸல் எண்டீன் பிடிக்க வேண்டிய கேட்சைத் தடுத்துவிட்டார். அதே எண்டீன் 1957-ல் கேப் டவுனில் பந்தைக் கையால் தொட்டதற்காக அவுட்டானார். கர்மா என்பது கிரிக்கெட்டிலும் உண்டு! 2017-ல் 'கையால் தொட்டான்' என்கிற தனி அவுட்டை எடுத்துவிட்டு இதே 37-வது சட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

நம்ம மொஹிந்தர் அமர்நாத் இரண்டையும் அனுபவித்தவர். 1986-ல் மெல்போர்னில் கையால் தொட்டதற்கு, 1989-ல் ஆமதாபாத்தில் குறுக்கே வந்ததற்கு. பாகிஸ்தானின் ரமீஸ் ராஜா கதை இன்னும் பாவம். 1987, கராச்சி, இப்படி அவுட்டானபோது ஸ்கோர் 99.

அதெல்லாம் எதற்கு, நம்ம சேப்பாக்கத்திலேயே நடந்ததே! 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை. ராஜஸ்தானுக்கு எதிராக 142 ரன்னைத் துரத்துகிறது சென்னை. ஜடேஜா இரண்டாவது ரன்னுக்குப் பாதி தூரம் போய், 'வேண்டாம்' என்று எதிர் முனை சொல்ல, திரும்பி ஓடினார். விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சன் எறிந்த பந்து அவர் முதுகில் பட்டது. ஓடுகிற பாதையை மாற்றி ஸ்டம்ப்புக்கும் பந்துக்கும் நடுவில் வந்தார் என்று மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்தார். ஐ.பி.எல்.லில் 2013-ல் யூசுப் பதான், 2019-ல் அமித் மிஸ்ரா, மூன்றாவதாக ஜடேஜா. சென்னை ஜெயித்துவிட்டதால் விவகாரம் டீக்கடையோடு நின்றது.

எப்போதும் அப்படி நிற்குமா? 1999 பிப்ரவரியில் கல்கத்தாவில் டெண்டுல்கர் மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது, பந்துக்காக நின்றிருந்த ஷோயப் அக்தர் மேல் மோதி ரன் அவுட். வேண்டுமென்று நின்றாரா, தற்செயலா என்று ஈடன் கார்டன் முழுக்கத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தது. மறுநாள் கலாட்டா முற்றி, கூட்டத்தை வெளியேற்றிக் காலி ஸ்டேடியத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். ஒரு மனுஷனின் மனசுக்குள் என்ன இருந்தது என்கிற கேள்வி, ஒரு ஸ்டேடியத்தையே காலி பண்ணும்.

பெரிய ஆட்டத்திலாவது பத்து கேமரா, ரீப்ளே, மூன்றாவது அம்பயர் எல்லாம் உண்டு. அண்ணனூரில் இருந்தது நான் ஒருவன்தான்.

*

சரி, சில்லிட்டது ஏன் என்று சொல்கிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முன், இதே கிரவுண்டு. பெட் மேட்ச். நான் இந்த முனையில் நிற்கிறேன். என் ரூம்மேட் அன்றைக்கு எதிர் டீம், பெளலர். இதே மாதிரி பந்து தட்டப்பட்டு நடுவில் உருள்கிறது. அவன் குனிகிறான். விலக இடம் இருந்தது. ஒரு சாண் இல்லை, ஒரு கஜம். நான் விலகவில்லை.

அவன் விழுந்தான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"வேணும்னா மோதினே?" என்று கேட்டார்கள். "நான் பார்க்கவே இல்லை" என்றேன். அம்பயர் எங்கள் பேட்டிங் டீம் ஆள். நாட் அவுட். ஜெயித்தோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பேங்க் பரீட்சை. ஹால் டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருந்தான். போகவில்லை. அப்புறம் எழுதின எதுவும் கிடைக்கவில்லை. ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்ந்து, இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அவன் பேனா பிடிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐம்பது ரூபாய் ஞாபகம் வரும்.

ஆகவேதான் பச்சை பனியன் "பார்க்கவே இல்லை" என்றதும் விரல் தானாக மேலே போய்விட்டது. போன பிறகுதான் உறைத்தது. அந்தப் பையன் உண்மையாகவே பார்க்காமல் இருந்திருந்தால்? அவன் கண்ணையா நான் பார்த்தேன், பதினாறு வருஷத்துக்கு முந்தைய என் கண்ணையா? அவனுக்கு அவுட் கொடுத்தேனா, எனக்கே கொடுத்துக்கொண்டேனா?

*

சண்டையின் உச்சத்தில், காம்பவுண்ட் ஓரம் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் உட்கார்ந்திருந்த என் நண்பனின் பெண் எழுந்து வந்தாள். பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூட சாஃப்ட்பால் டீமில் ஆடுகிறாளாம்.

"அங்கிள், எதுக்கு அவர்கிட்ட வேணும்னா பண்ணீங்கன்னு கேட்டீங்க? எங்க கேம்ல அதைக் கேட்கவே மாட்டாங்க."

(இவள் அங்கிள் என்று சொன்னால் கோபம் வரவில்லை பாருங்கள்.)

"அப்புறம்?"

"அடிச்ச பந்தை ஃபீல்டர் எடுக்கப் போறாரா? அப்ப அந்த வழி அவரோடது. ரன்னர்தான் சுத்திப் போகணும். மோதினா ரன்னர் அவுட். தெரிஞ்சு மோதினாலும் அவுட், தெரியாம மோதினாலும் அவுட். அம்பயரே சொல்லிடுவாங்க, யாரும் கத்த வேண்டாம்."

"ரன்னு?"

"பந்து அப்பவே செத்துப்போச்சு அங்கிள். மத்த ரன்னர் எல்லாம் பழைய பேஸுக்குப் போயிடணும்."

"சரிம்மா, ஃபீல்டர் சும்மா வந்து வழியை மறிச்சா?" என்று பச்சை பனியனே ஆர்வமாகக் கேட்டான்.

"கையில பந்தும் இல்லாம, பந்தை எடுக்கவும் போகாம நடுவுல நின்னா அது அவர் தப்பு. நீங்க எந்த பேஸ் வரைக்கும் போயிருப்பீங்களோ, அதைக் கொடுத்துடுவாங்க."

ஒருவன் எறிந்த பந்துக்குக் குறுக்கே கையை நீட்டினால் மட்டும் வேண்டுமென்றா என்று பார்ப்பார்களாம். அதோடு, முதல் பேஸுக்குப் போகிற வழியின் பிற்பாதியில் மூன்றடி அகலத்துக்குக் கோடு போட்டு, ரன்னர் அதற்குள்ளேதான் ஓட வேண்டும். வெளியே ஓடி, பேஸில் பந்து வாங்குகிறவரைத் தடுத்தால் அவுட். பல இடங்களில் முதல் பேஸையே இரட்டையாக வைக்கிறார்கள். வெள்ளை ஃபீல்டருக்கு, ஆரஞ்சு ரன்னருக்கு. இடித்துக்கொள்ளவே வாய்ப்பு இல்லாமல்.

அந்த ஆட்டம் ஒன்றும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. 1887-ல் அமெரிக்காவில் சிகாகோவின் ஒரு கிளப்பில், பொழுதுபோகாத இளைஞர்கள் பாக்சிங் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியதில் பிறந்தது. அதாவது நம்ம தெருப் பசங்க ஜாதிதான்!

மனசுக்குள்ளே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பி.காம். புத்தி போகுமா? கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி. இரண்டு பக்கமும் கிரீஸுக்கு நாலு நாலு அடி கழித்தால், ஒரு ரன்னுக்கு ஓடுகிற தூரம் 58 அடி. வேகமாகப் பந்து வீசுகிற சாஃப்ட்பாலில் பேஸுக்கு பேஸ் 60 அடி. இரண்டடிதான் வித்தியாசம். அதே தூரம், அதே ஓட்டம், அதே முட்டி, அதே மணிக்கட்டு. கிரிக்கெட் 'உன் மனசில் என்ன?' என்று கேட்கிறது. சாஃப்ட்பால் 'வழி யாருடையது?' என்று கேட்கிறது. முதல் கேள்விக்குப் பதில் ஓடினவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவதற்குப் பதில், காம்பவுண்ட் ஓரம் தண்ணீர் பாட்டில் காவல் காக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கோப்பைக்கு ஆடுகிறவர்கள் மனசை ஆராயட்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணி லோக்கலைப் பிடித்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போக வேண்டியவர்களுக்கு, அந்தக் கை முழுசாக இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு கேப்டன்களும் கருவேல நிழலில் மாநாடு போட்டார்கள். முடிவு: என் தீர்ப்பு செல்லாது, சண்டையும் செல்லாது. அந்தப் பந்தைத் திரும்பப் போட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அண்ணனூர் கிரவுண்டில் புதுச் சட்டம்: பந்தை எடுக்கிறவனுக்கு வழி, மோதினால் அவுட், மனசு விசாரணை கிடையாது. பச்சை பனியன் போய் பெளலரின் கண்ணாடிக் காலை கருவேல முள்ளால் குத்தி இணைத்துக் கொடுத்தான். திரும்பப் போட்ட பந்தில் பேட்ஸ்மேன் ரயில்வே காம்பவுண்டைத் தாண்டி அடித்தான். அவுட்! பந்துக் காசும் போச்சு.

*

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். பணிமனைப் பக்கம் ஒரு காலி ரயில் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பதினாறு வருஷமாகச் சொல்ல வேண்டியதை ஒரு ரயில் வருவதற்குள் சொல்ல வேண்டும்.

"டேய்... அன்னிக்கு... நான் பார்த்தேண்டா. நீ குனியறதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவன் பொட்டலத்திலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து உடைத்தான். அந்தக் கையாலேயே.

"தெரியும்."

"தெரியுமா? அப்போ ஏண்டா அப்பீல் பண்ணலை?"

"கை உடைஞ்சு கெடக்குது. எந்தக் கையைத் தூக்கி அப்பீல் பண்றது?"

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான்.

"விடுடா. அதுக்கப்புறம் எவ்வளவோ பால் போட்டாச்சு. இப்ப அப்பீல் பண்ணா செல்லாது. சட்டம் உனக்குத் தெரியாதா?"

ரயில் வந்தது. ஏறப் போன என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"ஆனா ஒண்ணு. அந்த பெட் மேட்ச்ல உங்க டீம் ஜெயிச்ச ஐம்பது ரூபாய்... பதினாறு வருஷம்... வட்டி போட்டா எவ்வளவு வரும்? நீயும் பி.காம்.தானே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அசலும் வட்டியும் சேர்த்து ஒரு புதுப் பந்தாக. போகிற வழியில் திருமுல்லைவாயலிலும் இறங்க வேண்டும்.